கீழ்ப்பல் இரண்டின் சார்பில் ஓர் அவசர விண்ணப்பம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, தையல் மெஷின் மூவரும் சௌக்கியம். என் ஈறு மட்டும் சௌக்கியமில்லை. அங்கே உங்கள் உடம்பும், உங்கள் ஆபீஸும், என் மகளின் கோபமும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் உங்கள் ஆபீஸுக்கு அனுப்புவதற்கும், உறையின்மேல் 'அலுவலக சம்பந்தமானது' என்று பொய் எழுதியதற்கும் முதலில் மன்னிக்க வேண்டும். போன் செய்திருக்கலாம்தான். ஆனால் உங்கள் போனை முதலில் எடுப்பது என் மகள். என் போனை ஒட்டுக் கேட்பது உங்கள் அத்தை. அடுக்களையில் குழாய் திறந்திருந்தாலும், சோபா, நாற்காலிக்குத் துணி போடும் என் முன்னறைப் பட்டறையில் நான் என்ன முணுமுணுத்தேன் என்று ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். நீங்களோ இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து மனுக்களைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர். எப்பேர்ப்பட்ட விபத்தையும் யார்மேலும் தப்பில்லாத மாதிரி நாசூக்காக எழுதத் தெரிந்தவர். எனக்கு இப்போது அப்படி ஓர் ஆள்தான் வேண்டும். இன்று புதன்கிழமை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஈறு டாக்டரம்மாவிடம் என்னை அழைத்துப் போக என் மகள் வருகிறாள். அங்கே நான் உண்மையைச் சொல்லாவிட்டால் என் கீழ்வரிசை முன்பல் இரண்டும் போய்விடும். சொன்னால் பட்டறை போய்விடும். இரண்டும் போகாமல் இருக்க ஒரு வழி நீங்கள்தான் சொல்லவேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எட்டு வாரத்துக்கு முன்னால் என் மகள் என்னைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்காரவைத்தாள் அல்லவா. (நல்ல நாற்காலி. தலைப்பக்கம் ரெக்சின் மட்டும் கிழிந்திருந்தது. நானே மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வாய்க்குள் கையை விட்டுவிட்டார்.) ஊசி மாதிரி மெல்லிசான ஓர் அளவுகோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி, "மூணு, மூணு, நாலு, ஏழு, ஏழு" என்று ஏலம் விடுகிறவர் போலச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு, "பல்லோட ஒட்டிக்கிட்டிருக்க வேண்டிய ஈறு விட்டுப்போச்சு. அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம்னு மில்லிமீட்டர்ல பார்க்கிறேன். ஏழுன்னா ரொம்ப ஜாஸ்தி. பல்லும் லேசா ஆடுது," என்றார்.

"புரியுது டாக்டர். சோபாவுல சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு மாதிரி. எல்லாக் குப்பையும் அதுலதான் போய்ச் சேரும். சீப்பு, சாவி, பிஸ்கட் தூள்... ஒருதடவை ஒருத்தரோட பல்செட்டே கிடைச்சுது," என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். என் மகள் சிரிக்கவில்லை. அவள் எங்கே சிரித்தாள், அவளுடைய அம்மாவைப் போலவேதான்.

மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு தவணையாக ஈறுக்கடியில் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதை ஒருவேளைகூட விடாமல் தின்று முடித்தேன் என்பதற்கு உங்கள் அத்தையே சாட்சி. மாத்திரை முடிந்த அன்று, தொல்லை விட்டது என்று நான் எழுந்தபோதுதான் டாக்டரம்மா சொன்னார்: "இனிமேதான் வேலையே இருக்கு. மாத்திரை கிருமியை விரட்டும், வாசல்ல காவலுக்கு நிக்காது. அது உங்க கையில இருக்கு. ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப அளக்கிறேன். ஏழு நாலுக்கு வந்தா பல்லு தப்பிச்சுது. ஆறிலேயே நின்னுச்சுன்னா, மருந்துக்குக் கேக்கலைன்னு அர்த்தம். ரெண்டையும் எடுத்துடலாம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "இந்த ரெண்டு பல்லுகிட்ட மட்டும் ஈறு கீறிக் கீறி ஆறின மாதிரி இருக்கே? பேனா, குச்சி, ஊசின்னு எதாவது வாயில வைக்கிற பழக்கம் உண்டா?" அந்த நேரம் பார்த்து என் மகள் போன் பேச வெளியே போயிருந்தாள். நான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து, "சாப்பாட்டைத் தவிர வேற எதையும் வாயில வைக்கிறதில்லைம்மா," என்றேன். மாப்பிள்ளை, நீங்கள் எழுதவேண்டிய விபத்து அந்த ஒரு வரியில்தான் நடந்தது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆணிவாய் என்று கேட்டால் நேரே கொண்டுவந்து விடுவார்கள். ஒரு பிடி சின்ன ஆணியை வாயில் போட்டுக்கொள்வேன். நாக்கு அதை ஒவ்வொன்றாகத் திருப்பித் தலைப்பக்கமாக உதட்டுக்குக் கொண்டுவரும். காந்தச் சுத்தியலை உதட்டருகே காட்டினால் ஆணி தாவி ஒட்டிக்கொள்ளும். இடதுகை துணியை இழுத்துப் பிடிக்க, வலதுகை ஒரே தட்டில் ஆணியை இறக்கும். அடுத்த ஆணி அதற்குள் உதட்டில் காத்திருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. படிப்பில் வாங்காத பெயரை நாக்கில் வாங்கினேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் மகள், காற்றில் ஓடும் ஸ்டேப்ளர் ஒன்றை வாங்கிவந்து, "அப்பா, இனிமே வாயில ஆணி வைக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. இன்னொரு தடவை பார்த்தேன், பட்டறைக்குப் பூட்டு. ரெண்டு பேரும் கிளம்பி எங்க வீட்டுக்கு வந்துடணும்," என்றாள். சத்தியம் செய்தேன். ஸ்டேப்ளரை அதன் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன்மேல் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாவது மாடியில் வேலை இல்லாமல் நான் உட்கார்ந்தால், மூன்றாம் நாள் உங்கள் சோபாவைப் பிரித்துப் போட்டுவிடுவேன். அது உங்களுக்கே தெரியும்.

மாத்திரைக்குப் பிறகு நடந்த வைத்தியத்தையும் கேளுங்கள். குளியலறைக் கண்ணாடியில் என் மகள் ஒரு கட்டம் போட்ட தாளை ஒட்டிவிட்டுப் போனாள். காலையில் மிருதுவான பிரஷ், அதை ஈறோரமாகச் சாய்த்து வைத்துப் பூப்போல அசைக்க வேண்டும், அரைமணி கழித்து மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், அது இரண்டு வாரத்துக்கு மட்டும், சாயங்காலம் பல்லிடுக்குக்கென்று புட்டி கழுவும் பிரஷ்ஷின் பேரப்பிள்ளை மாதிரி ஒரு குட்டி பிரஷ், படுக்கப்போகுமுன் மறுபடி பெரிய பிரஷ், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். நான் இத்தனை வருஷம் செய்தது பல் தேய்த்ததே இல்லையாம், மரம் இழைத்ததாம். முதல்நாள் அவள் சொன்னபடி அசைத்தபோது எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்து பற்பசை மூக்குக்கு ஏறிவிட்டது.

பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்தேன். கீழ்ப்பல் இரண்டும் முன்னைக்கு நீளமாக இருந்தன. மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் இன்னும் நீளம். பட்டறை டேப்பை எடுத்துவந்து அளந்து, கண்ணாடிப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் தேதியோடு குறித்துவைத்தேன். பதினான்காம் நாள் சந்தேகமே இல்லை. உங்கள் அத்தையைக் கூப்பிட்டு, "இங்க பாரு, என் பல்லு வளருது," என்றேன்.

"வளரட்டும். நகவெட்டி அலமாரியில இருக்கு," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

வேரோடு கழன்று மேலே வருகிறதோ, ஒருநாள் சாப்பிடும்போது தட்டில் விழுந்துவிடுமோ என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பல்லு வளரலை அப்பா. வீங்கியிருந்த ஈறு வடிஞ்சு இறங்குது, அதனால மறைஞ்சிருந்த பல்லு வெளிய தெரியுது. நல்ல அறிகுறிதான். கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், சில்லுன்னு எதுவும் குடிக்காதீங்க," என்றார். அவர் என்னை அப்பா என்று கூப்பிட்டதும் அன்றைக்கே ஆணி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. உங்கள் அத்தை வாளியோடு உள்ளே வந்துவிட்டாள்.

கொப்பளிக்கிற மருந்தால் வந்த வினை வேறு. பல்லெல்லாம் தேநீர்க் கோப்பையின் உட்பக்கம் போலப் பழுப்பாகிவிட்டது. (அது கறைதான், டாக்டர் தேய்த்தால் போய்விடும் என்று மருந்துச் சீட்டிலேயே போட்டிருக்கிறதாம். சீட்டை நான் பிற்பாடுதான் படித்தேன்.) அதோடு நாக்குக்கு ருசியே தெரியவில்லை. உங்கள் அத்தை சமைத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "தகரத்தை நக்கின மாதிரி இருக்கு," என்று வாய் தவறிச் சொன்னேன். மருந்தைத்தான் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் குட்டி பிரஷ்ஷை ஒருநாள் கொஞ்சம் பலமாகத் தள்ளிவிட்டேன், கம்பி மடங்கிப் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. பட்டறைக்கு ஓடி, பின் பிடுங்கும் குறட்டை வாயில் விட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கனைத்தார்கள். நூலகத்து அம்மா, நூலகர். வாசிப்பறை நாற்காலி நாற்பத்திரண்டுக்கும் சீட் மாற்றுவதைப் பற்றிப் பேச வந்திருந்தார். "நீங்க... முடிச்சுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ஆனாலும் வேலையை எனக்கே கொடுத்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

மாப்பிள்ளை, இனிமேல் சிரிக்க எதுவும் இல்லை. மூன்றாம் வாரம் முடியும்போது என் வாய் நன்றாகத்தான் இருந்தது. துப்பினால் ரத்தம் இல்லை. ஈறு தொட்டால் கெட்டியாக இருந்தது. நூலகத்து நாற்காலிகள் பழைய மெல்லிசுச் சட்டம் போட்டவை. ஸ்டேப்ளர் அடித்தால் சட்டம் விண்டுவிடும், ஆணிதான் பிடிக்கும். (இதை மட்டும் சாக்கு என்று நினைக்காதீர்கள். மற்றதெல்லாம் சாக்குதான்.) முதல் நான்கு நாற்காலியைக் கிண்ணத்திலிருந்து ஆணியை விரலால் பொறுக்கிப் பொறுக்கி அடித்தேன். இரண்டு நாள் பிடித்தது. புது வாசிப்பறைத் திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஐந்தாவது நாற்காலியில் ஐந்தே ஐந்து ஆணி வாயில் போட்டேன். பத்தாவதில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாவது நாற்காலியின் அடித்துணியை இழுத்துப் பிடித்தபோது வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. விரலில் குத்திவிட்டேன் போல என்று விரலைப் பார்த்தேன். விரலில் ஒன்றுமில்லை. இன்னொரு பொட்டு விழுந்தது. வாயிலிருந்த ஆணியெல்லாவற்றையும் உள்ளங்கையில் துப்பினேன். எல்லாம் சிவப்பு. உள்ளே உங்கள் அத்தை, "என்ன, சுத்தியல் சத்தம் நின்னுபோச்சு?" என்று குரல் கொடுத்தாள். "டீ இருக்கா?" என்றேன். அந்தப் பொட்டின்மேல் கறுப்புத் துணி போட்டு மூடி ஆணி அடித்தேன். மிச்சம் இருபத்துமூன்று நாற்காலியையும் வாயில் ஆணியோடேதான் முடித்தேன். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். நானும் என்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெட்டது கெட்டுவிட்டது, வேலையாவது முடியட்டும் என்று நினைத்தேன். சரியான பதில் இல்லை, தெரியும்.

கண்ணாடியில் ஒட்டிய தாளில் டிக் மட்டும் நிற்கவில்லை. வேலை நெருக்கத்தில் அந்த வாரத்துக்கு மொத்தமாக ஒரே நாளில் போட்டு வைத்தேன், முன்பணம் மாதிரி. வெள்ளிக்கிழமை என் மகள் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அப்பா, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எப்படித் தேய்ச்சீங்க? இன்னும் வரலையே."

கடைசி நாற்காலி போய் இன்றோடு எட்டு நாள். அன்றிலிருந்து வாயில் ஆணி வைக்கவில்லை. தாளில் உள்ளதை ஒன்று விடாமல் செய்கிறேன், டிக்கும் செய்த பிறகே போடுகிறேன். ரத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் இடதுபக்கத்துப் பல் நாக்கால் தள்ளினால் அசைகிறது. தள்ளக்கூடாது என்று தெரிந்தும் நாக்கு அங்கேயே போய் நிற்கிறது. நாலு வந்திருக்காது, மாப்பிள்ளை. ஆறுதான் இருக்கும். டாக்டரம்மா மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்து குறட்டை எடுப்பார். பலிக்காதது மருந்து இல்லை, நான். அதை அவர் தெரிந்துகொண்டால் பல்லுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார். அதைத் தெரிந்துகொள்கிற அறையில் என் மகளும் இருப்பாள்.

ஆகையால் என் விண்ணப்பம் இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் காபி குடித்து முடித்த பிறகு, முடிப்பதற்குமுன் அல்ல, உங்கள் ஆபீஸ் பாஷையில் விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். 'பணியின்போது எதிர்பாராத சூழ்நிலையில் சில ஆணிகள் வாயின் அருகே வர நேர்ந்தது' என்கிற மாதிரி. நாற்காலியின்மேல் பழியைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டறையைப் பூட்டவேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். எந்த ரகசியத்தையும் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிற மனுஷர் என்று உங்களைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், நிறைந்த மனசும், கடைசிவரை சொந்தப் பல்லும் வாய்க்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அத்தை விசாரித்ததாக எழுதச் சொன்னாள் என்று எழுதியிருப்பேன், ஆனால் அவளுக்கு இந்தக் கடிதமே தெரியாது.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டிருக்கும்
உங்கள் மாமா

பி.கு.: இன்று சனிக்கிழமை சாயங்காலம். தபால்பெட்டிவரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன், கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆகவே நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றுதான் காலையில் நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டரம்மா அளந்து எண்ணைச் சொல்ல, என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். "மூணு. மூணு. மூணு." "நாலு," என்றார். வலதுபக்கத்துப் பல் பிழைத்தது. அடுத்ததில் கோலை இறக்கி, எடுத்துவிட்டு, மறுபடியும் இறக்கிப் பார்த்தார். "ஆறு. ரத்தமும் வருது. மத்த இடமெல்லாம் இவ்வளவு நல்லா ஆறியிருக்கு, இது மட்டும் மருந்துக்குக் கேக்கலையே. இன்னிக்கே எடுத்துடலாமா?" என்று என் மகளைப் பார்த்தார்.

வாய்க்குள் இரண்டு கருவியும் ஒரு பஞ்சும் இருந்தன. கையைத் தூக்கி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்ததும், "ஆணிம்மா," என்றேன். "சோபா ஆணி. வாயில வெச்சுத்தான் வேலை பார்ப்பேன். அன்னிக்குக் கேட்டீங்க, பொய் சொல்லிட்டேன். மருந்து மேல தப்பில்லை."

"எத்தனை ஆணி?"

"ஒரு வாய்க்கு இருபது இருக்கும்."

"இருபத்தஞ்சு," என்றாள் என் மகள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "சின்ன வயசுல எண்ணியிருக்கேன். எழுதிக்குங்க டாக்டர்."

அவளுக்கு இரண்டு வாரமாகவே தெரியுமாம். "உங்க அப்பா போன்ல 'ம்... ம்'னு மட்டும்தான் சொல்றார், நடுவுல கிணுகிணுன்னு ஒரு சத்தம் கேக்குது, என்னன்னு பாரு," என்று அவளிடம் சொன்ன புண்ணியவான் நீங்கள்தானாமே! நானாக வாயைத் திறக்கட்டும் என்று அவள் காத்திருந்தாளாம். திறக்காமல் அங்கிருந்து எழுந்திருந்தால் இன்றைக்கே பூட்டுப் போட்டிருப்பாளாம். திறந்ததால் பட்டறை எனக்கு, ஸ்டேப்ளர் பெட்டியில் உட்காரும் உரிமை ரத்து. ஆடுகிற பல்லுக்கு மூன்று மாதம் தவணை. அந்த இடத்தை இன்னொரு தடவை சுத்தம் செய்தார். இனி ஓர் ஆணி வாயில் போனாலும், கேட்காமலே எடுத்துவிடுவேன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆகவே மேலே உங்களைப் பற்றி எழுதிய கடைசிப் பாராட்டைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

மத்தியானம் ஆணியைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலுக்கு சீட் போட்டேன். வாய் சும்மா இருந்ததால் உங்கள் அத்தையோடு பேசிக்கொண்டே அடித்தேன். நூலகம், டாக்டரம்மா, உங்கள் சோபாவின் துணி எப்படி மட்டம் என்பது, எல்லாம் பேசினேன். இரண்டு மணி நேரம் கழித்து அவள் அடுக்களைக் குழாயை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"அந்த டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க," என்றாள். "நாலஞ்சு ஆணின்னா பரவாயில்லையான்னு."